சாக்குத்தலைக் கன்று

வைக்கோல் கன்றின் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

விடியப்புறம் அரிக்கன் லாம்போடு கொட்டிலுக்குள் நுழைந்த சிவமணி அதைக் கண்டதும் அடுத்த அடி வைக்காமல் நின்றாள். நேற்றுப் பின்னேரம் கறவை முடிந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய், முகம் சுவரைப் பார்க்கும்படி மூலையில் சாத்தியவள் அவளே. தாய்ப்பசுவின் கயிறு அந்த மூலைக்கு எட்டாது. எலி தட்டியிருக்கும், நாய் இடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாய் இடித்தால் விழும். விழுந்தது எழும்பித் திரும்பி நிற்காது. அதுவும் அவளுக்குத் தெரியாததல்ல.

"கோதாரி விழுந்த வேலை," என்று முணுமுணுத்தபடி அதை முதுகில் பிடித்துத் தூக்கினாள். நேற்றைவிடப் பாரமாக இருந்தது. வைக்கோல் ஈரம் குடித்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அந்த வருசம் ஈரம் என்று ஒன்று எங்கே இருந்தது? சித்திரையில் ஒரு தூறல் போட்டதோடு வானம் கையை விரித்துவிட்டது. நீர்த்தேக்கங்கள் வற்றிப்போய் நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு. வாய்க்கால் கரைப் புல்லெல்லாம் கருகிப்போய்க் கிடந்தது.

கன்று செத்த பசு பால் இறக்காது. மடி கல்லாகக் கட்டிக் கிடந்தாலும் தன் பிள்ளையை மோந்து பார்க்காமல் ஒரு சொட்டு விடாது. அதற்காகத்தான் செத்த கன்றின் தோலை உரித்து, உப்புத் தேய்த்துக் காயவைத்து, வைக்கோல் அடைத்து, நாலு தடியைக் காலாகக் குத்தி, தாயின் முன்னால் நிறுத்துவார்கள். தாய் மோந்து பார்க்கும், நக்கும், ஏமாறும், சுரக்கும். மாடு வளர்க்கிற எவருக்கும் தெரிந்த பொய்தான் இது. பாவம் என்றால் பாவம்தான். மடி பழுத்து மாடு சாவதைவிடப் பரவாயில்லை என்றுதான் சிவமணியும் நினைத்தாள்.

வெள்ளவத்தையில், வாய்க்காலோடு ஒட்டிய ஒழுங்கையின் கடைசி வளவு அவளுடையது. முன்னால் ஓட்டு வீடு, பின்னால் கிணறு, அதற்கப்பால் மாட்டுக்கொட்டில். புருசன் செத்த பிறகு அந்தக் கொட்டிலும் அதிலிருந்த நாலு மாடுகளும்தான் அவளையும் மகன் கேதீசையும் காப்பாற்றின. பவுடர்ப் பால் ஒத்துவராத யாழ்ப்பாணத்துச் சனம் காலி வீதியின் இரண்டு பக்கமும் இருந்தது. அந்த வீடுகளுக்குக் கேதீஸ் சைக்கிளில் பால் கொண்டுபோவான். இப்போது அவளே கான்களைத் தூக்கிக்கொண்டு போகிறாள். போகும்போதும் வரும்போதும் ஆமிக்காரரின் சென்றியில் மூடியைத் திறந்து காட்டவேண்டும். ஒருநாள் ஒருத்தன் துவக்கு முனையைப் பாலுக்குள் விட்டுக் கலக்கிப் பார்த்தான். அத்தனையையும் வாய்க்காலில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, பசுக்களுக்குக் கேட்கும்படி பச்சைத் தூசணத்தில் திட்டினாள்.

கேதீசைக் கொண்டுபோனது தை மாதம், பட்டிப் பொங்கலன்று. கிணற்றடியில் சிவப்பிப் பசுவைக் குளிப்பாட்டிக் கொண்டிருந்தான். கொம்புக்குப் பூசச் சந்தனம் குழைத்து வைத்திருந்தது. ஆமிக்காரர் வந்து சுற்றிவளைப்பு என்றார்கள், ஆம்பிளைகள் எல்லாம் மைதானத்துக்கு வா என்றார்கள். ஈரச் சாரத்தோடு போனான். "அம்மா, மாலையை மாடு தின்னப்போகுது, மேல வையுங்கோ," என்றதுதான் கடைசிப் பேச்சு. பின்னேரம் மற்றவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஜீப்புக்குள் ஒருத்தன் இருந்தானாம். தலையில் கோணிச் சாக்கு, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருத்தனாக முன்னால் நடக்கவிட்டார்களாம். கேதீஸ் போனபோது அந்தச் சாக்கு மெல்ல, ஒரேயொரு தரம், மேலும் கீழும் ஆடியதாம். அவ்வளவுதான். ஒரு தலையாட்டில் அவளுடைய பிள்ளை போனான்.

சிவப்பி அப்போது சினைப்பட்டிருந்தது. வைகாசியில் ஒரு ஆண் கன்று, நாம்பன், போட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கன்றுக்குக் கழிச்சல் கண்ட அன்று பார்த்து மறுபடியும் சுற்றிவளைப்பு. ஒழுங்கையை இரண்டு பக்கமும் மூடிவிட்டார்கள். மிருக வைத்தியரைக் கூப்பிடப் போகவேண்டும் என்று சென்றியில் நின்று மன்றாடினாள். "வஸ்ஸா தமய் நோனா," ஏதோ மாட்டுக் கன்றுதானே அம்மா என்று சிரித்துக்கொண்டு திருப்பி அனுப்பினான் ஒருவன். பொழுது சாயக் கன்று அவளுடைய மடியிலேயே விறைத்தது. விடிகிறதற்குள் தெருநாய்கள் வேலிக்குள்ளால் வந்து அதன் தலையைக் கடித்துக் குதறிவிட்டன.

தோல் உரிக்க வந்த இறைச்சிக்கடை ராசிக்தான் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அக்கா, ஒடம்புத் தோல் நல்லா ஈக்கி. தலைத் தோல் சரிவராது. தலைக்கு வேற ஏதாச்சும் வெச்சித் தையுங்க."

வேறு ஏதாவது என்று தேடியபோதுதான், காலையில் புல்லறுக்கப் போன இடத்தில் அவள் எடுத்துவந்த சாக்கு கண்ணில் பட்டது. வாய்க்கால் கரையில், கருகிய புல்லுக்குள், யாரோ சுருட்டி எறிந்திருந்தார்கள். கிழியாத புதுக் கோணி. இரண்டு ஓட்டை மட்டும், பக்கத்தில் பக்கத்தில். அதை விரித்துப் பிடித்தபோது சிவமணியின் கை ஒரு கணம் கூசத்தான் செய்தது. அது என்ன சாக்கு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. நேற்றைய சுற்றிவளைப்பு முடிந்து போனவன் எறிந்துவிட்டுப் போயிருக்கிறான். நெருப்பு வைக்கவேண்டியதுதான். ஆனால் மாடு வைத்திருக்கிறவள் நல்ல சாக்கை எரிப்பாளா? மடியோ அங்கே கட்டிக்கொண்டிருந்தது. "மாடு நக்கட்டும். சாணியும் வீணீரும் படட்டும் உதில," என்று பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

வைக்கோல் கன்றுக்குப் போடும் எதையும் கழுவக்கூடாது என்பது வழக்கம். சவர்க்கார மணம் பட்டால் தாய் கிட்ட வராது. கன்றின் மூத்திரம் ஊறிய வைக்கோலால் சாக்கை நன்றாகத் தேய்த்து, அதன்மேல் கல்லுப்பைக் கரைத்துப் பூசினாள். முதல்நாளே சிவப்பி ஏமாந்துவிட்டது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகலோடு அந்தச் சாக்குத் தலையை நக்கி நக்கி, செம்பு நிறையப் பால் இறக்கியது. சிவமணிக்கு அன்றைக்கு அழுகை வந்தது. யாரை நினைத்து என்று கேட்டால் சொல்லியிருக்கமாட்டாள்.

இன்று விடியப்புறம் கன்றைத் தாயின் முன்னால் நிறுத்திவிட்டு, முழங்காலுக்கு நடுவில் செம்பை இடுக்கியபடி குந்தினாள். சிவப்பி நக்கத் தொடங்கியது. அந்தச் சொரசொரத்த நாக்கு கோணியில் இழுபடும் சத்தம், செம்பில் பால் விழும் சத்தம், அப்பால் கடற்கரை ரெயிலின் கூவல். வழக்கமான சத்தங்கள்தான். வழக்கமில்லாதது மணம். சாணம், புண்ணாக்கு, ஊறிய தவிடு, இவற்றுக்கு நடுவில் இன்னொன்று, மூக்குத் துவாரத்தில் குளிர்ந்து ஏறுகிற ஒரு காரம். சாக்கிலிருந்துதான் வந்தது. மாடு நக்க நக்க உப்பும் மூத்திர வாடையும் கரைந்து, அடியில் இருந்தது மேலே வந்துகொண்டிருந்தது. எங்கேயோ தெரிந்த மணம். யாரோ பக்கத்தில் குந்தியிருந்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. சிவமணி திரும்பிப் பார்த்தாள். இரண்டு ஓட்டைகளும் அவளைப் பார்த்தபடி இருந்தன. வைக்கோல் தெரியவேண்டிய இடத்தில் கறுப்பாக இருந்தது. மிச்சக் காம்புகளை அவசரமாகக் கறந்து முடித்துவிட்டு வெளியே வந்தாள்.

முன்னறையில் வாடகைக்கு இருந்த கொன்ஸ்ரன்ஸ் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனைப் பெண். கொள்ளுப்பிட்டியில் ஒரு லோயரின் ஒபிசில் டைப்பிஸ்ட். அவளுடைய அண்ணன் றேமண்ட் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன வழியில் காணாமல் போனவன். பொறுத்திருங்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டார் பொறுத்திருந்தார்கள். இன்னும் பொறுத்திருக்கிறார்கள்.

"அன்ரி, லோயர் திரும்பவும் கேட்டார். நீங்க ஒரு கையெழுத்து வெச்சாப் போதும், மனுப் போடலாம். பிறகு ஆமிக்காரர் ஆளைக் கோட்டுக்குக் கொண்டுவந்து காட்டவேணும், இல்லாட்டி எங்க எண்டு சொல்லவேணும்."

"கேஸ் போட்டா உள்ளுக்கை வைச்சு அடிச்சே கொண்டுபோடுவாங்களாம், பிள்ளை."

"நாகேந்திரம் அங்கிள் சொன்னாரா?"

"அவரைவிட்டா எனக்கு ஆர் சேதி கொண்டுவருகினம்?"

கொன்ஸ்ரன்ஸ் குடையை எடுத்துக்கொண்டாள். "அவருக்கு மட்டும் எப்படி அன்ரி எல்லாக் கேம்ப்பும் தெரியுது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வி சிவமணியை நாள் முழுக்க அரித்தது. கோபம் கொன்ஸ்ரன்ஸ் மேல்தான் வந்தது. நம்பிக்கைக்கு இடைஞ்சல் செய்கிறவர்கள்மேல் வருகிற கோபம் அது.

நாகேந்திரம் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருப்பவர். முந்தி ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கர். வாயைத் திறந்தால் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும், பொலிசில் நாலு பேரைத் தெரியும். கேதீசைக் கொண்டுபோன மூன்றாம் நாளே தானாகத் தேடி வந்தார். தெற்கில் ஒரு கேம்ப்பில் வைத்திருக்கிறார்கள், உயிருக்குப் பயமில்லை, ஆனால் சத்தம்போடக் கூடாது என்றார். அன்றிலிருந்து கிழமைக்கு ஒருதரம் வருவார், ஒரு சேதி சொல்வார். போகும்போது ஒரு போத்தல் பாலும், பிள்ளைக்கென்று நெய்யும் தயிரும் கொண்டுபோவார். கிணற்றடிக்கு அப்பால் ஒருநாளும் வந்ததில்லை. சாண மணத்துக்குத் தன் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்பார்.

அன்று பின்னேரமும் வந்தார். கிணற்றுக் கட்டில் துவாயை விரித்துக் குந்தினார். கொட்டிலுக்குள் சிவப்பி உறுமியது.

"தங்கச்சி, ஒண்டுக்கும் யோசியாதை. தெரிஞ்ச பொலிஸ்காரன் போன கிழமை கண்டவனாம். மெலிஞ்சு போனான், மற்றும்படி சுகமாம். நீ தந்துவிட்ட நெய்யை விரலால வழிச்சுச் சாப்பிட்டவனாம்."

"நெய்யையோ?"

"ஓமோம். இன்னும் வேணுமெண்டு கேட்டவனாம்."

மாட்டுக்காரி மகனுக்கு நெய் மணம் பிடிக்காது என்பது ஒழுங்கை முழுவதும் பகிடியாகக் கதைக்கிற கதை. இவ்வளவு நாளும் அவள் தனக்கே சமாதானம் சொல்லி வந்தாள், பசி வந்தால் எதையும் தின்பான் என்று. இப்போது அவளுடைய பார்வை நாகேந்திரத்தின் தோளுக்கு மேலால் கொட்டில் வாசலுக்குப் போனது. காலையில் தாயின் முன்னால் விட்டுவிட்டு வந்த கன்று அங்கிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. சிவப்பி நக்கவில்லை. அது மறுபக்கம் திரும்பித் தொட்டியில் தவிடு தின்றது. காற்று இல்லை. வாழையிலை அசையவில்லை.

சாக்குத் தலை மெல்ல மேலே எழும்பியது. மெல்லக் கீழே இறங்கியது. ஒரேயொரு தரம்.

"என்ன பிள்ளை, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" நாகேந்திரம் எழும்பிக் கிட்ட வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, வழக்கம்போல விரலில் தொட்டுத் தன் மூக்கடியில் தேய்த்தார். "கோடாலித் தைலம், நீயும் கொஞ்சம் மோந்து பார். தலைச்சுத்து நிக்கும்."

நீட்டிய விரலிலிருந்து வந்த மணம் மூக்குக்குள் குளிர்ந்து ஏறியது.

"வேண்டாம் அண்ணை," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாரோ கதைக்கிற மாதிரிக் கேட்டது. பால் போத்தலைக் கொடுத்தாள். நெய்யையும் கொடுத்தாள். "கேஸ் கீஸ் எண்டு ஆரும் சொன்னாக் கேளாதை," என்று சொல்லிவிட்டு அவர் படலையைச் சாத்திக்கொண்டு போகும்வரை சிரித்த முகத்தோடு நின்றாள்.

பிறகு கொட்டிலுக்குள் போனாள். போகத்தான் வேண்டும் என்று போனாள். கன்றின் முன்னால் முழங்காலில் குந்தி, அந்தச் சாக்குத் தலையில் தன் மூக்கை வைத்து, ஒரு பசு மோந்து பார்க்கிற மாதிரி நீளமாக மோந்தாள். உப்பு இல்லை. கன்றின் வாடை இல்லை. கோடாலித் தைலம், மயிர் எண்ணெய், வேர்வை. ஓட்டைகளுக்குக் கீழே, மூக்கு வருகிற இடத்தில், எண்ணெய் ஊறி ஒரு கறை.

அவன். அவனேதான். பட்டிப் பொங்கலன்று தலையை ஆட்டிவிட்டு, மூன்றாம் நாள் வந்து தங்கச்சி என்றவன். இந்த ஐந்து மாதமும் இல்லாத பிள்ளையைக் காட்டிக் காட்டி, அவள் வாயைக் கட்டிவைத்தவன். அவளும் மோந்து பார்த்தாள், நக்கினாள், ஏமாந்தாள், சுரந்தாள். நினைக்க நினைக்க உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயைத் திறந்து குழறவேண்டும் போலிருந்தது. குழறவில்லை. ஏனென்றால் அவளுடைய கன்னத்தோடு ஒட்டியிருந்த சாக்கு அப்போது சூடாக இருந்தது. உள்ளேயிருந்து அது காற்றை இழுத்து, விட்டது.

அவள் பின்னால் விழுந்து, கையாலும் காலாலும் வாசல்வரை தவழ்ந்து வெளியே வந்தாள்.

அதன் பிறகு கறவைக்குப் போகும் ஒவ்வொரு தரமும் கண்ணை மூடிக்கொண்டுதான் அதைத் தூக்கினாள். எரித்துவிடலாம், வாய்க்காலில் எறிந்துவிடலாம். செய்யவில்லை. பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தனக்குத் தெரிந்ததைத் தெரிந்துவைத்திருக்கிற ஒரே சீவன் அதுதான் என்ற எண்ணம். அது வரவரப் பாரமாகிக்கொண்டு வந்தது. வாசலைப் பார்த்தே நின்றது. வயிற்றுத் தையல் விட்டுக்கொண்டது, வைக்கோல் கொஞ்சங் கொஞ்சமாகக் கொட்டியது. உள்ளே இடம் விடுகிற மாதிரி. தைப்போம் என்று சாக்கு ஊசியில் நூலைக் கோத்துவிட்டு, கிட்டப் போகப் பயந்து, ஊசியைத் தூணில் குத்தி வைத்தாள்.

ஆனி பிறந்த பிறகு ஒருநாள் மழை வந்தது. பின்னேரக் கறவை நேரம் கடல் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்து, பொழுது சாய முன்னமே இருட்டிவிட்டது. கரண்டும் இல்லை. தகரக் கூரையில் மழை இடித்து ஊற்றியது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மண்ணும் சாணமும் ஒரேயடியாக மணத்தன. மற்ற மாடுகள் கயிற்றை இழுத்து அந்தரப்பட்டன. சிவப்பி மட்டும் அசையாமல் நின்றது. லாம்பைத் தூணில் கொழுவிவிட்டு சிவமணி கறந்துகொண்டிருந்தாள்.

படலை திறபட்டது. மழைக்குள் ஒரு கறுப்புக் குடை கிணற்றடிக்கு வந்து நின்றது.

"தங்கச்சி," என்றார் நாகேந்திரம். "நிக்க நேரமில்லை. போத்தலைத் தாவன்."

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை. கறவையை விட்டிட்டு எழும்பேலாது."

"உந்த மணத்துக்கு என்ர மூக்கு..."

"நனையிறியள். வாங்கோ."

அவர் தயங்கினார். ஒரு இடி விழுந்தது. குடையை மடக்கிக்கொண்டு, செருப்பைச் சாணத்தில் வைக்காமல் பார்த்துப் பார்த்து உள்ளே வந்தார். லாம்பு வெளிச்சத்தில் கன்றைக் கண்டார்.

"உதென்ன?"

"வைக்கோல் கன்று. எங்கட நாம்பன் செத்துப்போச்செல்லே. அதின்ர தோல்."

"தலை?"

"தலையை நாய் தின்றிட்டுது. வாய்க்கால் கரையில ஒரு சாக்குக் கிடந்தது. நல்ல சாக்கு."

நாகேந்திரத்தின் கை தன்பாட்டில் மூக்கடிக்குப் போனது. மழை ஓயவில்லை. சிவமணி செம்பைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள்.

"என்ர பிள்ளை எங்க?"

"சொன்னனானே தங்கச்சி. சுகமா..."

சாக்குத் தலை எழும்பியது. இறங்கியது. மெல்ல. ஒரேயொரு தரம்.

அவர் அதைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. அப்போது சிவப்பி தொண்டைக்குள்ளிருந்து முனகியது. கன்று போட்ட அன்று, ஈரத்தோடு கிடந்த பிள்ளையைப் பார்த்து முனகிய அதே முனகல். அது கன்றைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, மூக்கை விரித்து, நாகேந்திரத்தை மோந்தது. இத்தனை நாளும் அது பிள்ளையென்று நக்கிய மணம் அங்கேதான் நின்றது.

சிவமணி கட்டையிலிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். தெரிந்தேதான் அவிழ்த்தாள்.

பசு இரண்டு எட்டில் அவரிடம் போனது. குடை விழுந்தது. அவர் பின்னால் நகர்ந்தார், சுவர் தடுத்தது. நாக்கு நாடியிலிருந்து நெற்றிவரை இழுபட்டது. "உதைப் பிடி... பிடியன் தங்கச்சி," என்றார். பசுவின் உடம்பு அவரை மூலையில் நெருக்கியது. திரும்பவும் நாக்கு. திரும்பவும். கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு. மூலையில், அவருடைய காலடியில், கன்று எப்படியோ வந்து நின்றது, அதன் வயிற்றுத் தையல் முழுதாக விட்டிருந்தது. வைக்கோல் எல்லாம் வெளியே சரிந்துகொண்டிருந்தது. யாரும் இழுக்கவில்லை. தானாக.

லாம்பு அணைந்தது.

சிவமணி வெளியே ஓடினாள். கதவை இழுத்தாள். கொண்டியைப் போட்டாள். மழைக்குள், கதவில் முதுகை வைத்து நின்றாள்.

கூப்பிடுவார் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை. நக்கும் சத்தம். மழை. நக்கும் சத்தம். வைக்கோல் சரசரத்தது. பிறகு அவளுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு சத்தம். தடித்த ஊசி தோலில் இறங்கும் சத்தம். நூல் இழுபடும் சத்தம். இறங்கியது. இழுபட்டது. இறங்கியது. இழுபட்டது. அவசரமில்லாமல்.

"அன்ரி?" வீட்டுக்குள்ளிருந்து கொன்ஸ்ரன்ஸ் கூப்பிட்டாள். "அந்த மனுசன் போயிட்டாரா?"

கதவுக்குப் பின்னால் தையல் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. பிறகு திரும்பவும் தொடங்கியது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. முதல் வேலையாக முன்னறைக் கதவைத் தட்டி, "மனுவைக் கொண்டா பிள்ளை," என்று வாங்கிக் கையெழுத்து வைத்தாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மாடு காத்திருக்காது.

கொண்டி போட்டபடியே இருந்தது. திறந்தாள். குடை கிடந்தது. ஒரு சோடிச் செருப்பு, சாணம் படாமல், சுவரோடு ஒழுங்காக வைத்திருந்தது. தரை முழுக்க வைக்கோல். கன்றுக்குள் அடைத்திருந்த அத்தனை வைக்கோலும் வெளியே கிடந்தது.

கன்று நின்றது. வயிறு புடைத்து, தோல் இழுபட்டு, தடிக்கால்கள் நாலும் மண்ணுக்குள் புதைந்துபோக நின்றது. நெஞ்சிலிருந்து வயிறுவரை புதுத் தையல். நெருக்கமான, திருத்தமான தையல். அவளுடைய கைத் தையல் இல்லை. கடைசியில் ஒரு சாண் அளவு மட்டும் தைக்காமல் விட்டிருந்தது. அந்த இடத்தில் ஊசி நூலோடு தொங்கியது.

சிவப்பி அதன் தலையை நக்கிக்கொண்டிருந்தது. மடியிலிருந்து பால் தானாகவே சொட்டியது.

சிவமணி கிட்டப் போனாள். இரண்டு ஓட்டைகளுக்குள்ளும் இப்போது கறுப்பு இல்லை. ஈரமாக ஏதோ மினுங்கியது. அது அசைந்து அவளைப் பார்த்தது.

"கேதீஸ் உயிரோட இருக்கிறானோ?" என்று கேட்டாள்.

சாக்குத் தலை மேலே எழும்பிக் கீழே இறங்கியது.

மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். "செத்துப்போனானோ?"

சாக்குத் தலை மேலே எழும்பிக் கீழே இறங்கியது. அதே மாதிரி. அதே அளவு.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தலையாட்டத் தெரிந்த தலை. அதற்கு வேறு என்ன தெரியும்? அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது கோபம். பயம் இருந்த இடத்தையும் அது எடுத்துக்கொண்டது. "நாளைக்கும் கேப்பன்," என்றாள். "நாளையிண்டைக்கும் கேப்பன். நீ ஒரு இடமும் போகமாட்டாய்."

குந்தினாள். தொங்கிய ஊசியைப் பிடித்தாள். மிச்சம் இருந்த ஒரு சாணையும் இழுத்துப் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள். ஊசி இறங்கிய ஒவ்வொரு தரமும் தோல் உள்ளுக்கு இழுத்துக்கொண்டது. அவள் நிறுத்தவில்லை. சாக்கில் உப்புப் பூசி எத்தனையோ நாளாகிவிட்டது. பூசியதெல்லாம் கரைந்துபோயிருக்கவேண்டும். ஆனாலும் சிவப்பி அந்த இரண்டு ஓட்டைகளையும் விடாமல், மாறி மாறி, நக்கிக்கொண்டேயிருந்தது. அங்கே உப்பு ஊறிக்கொண்டிருந்தது.